மூச்சுத் திணறலோடு வாழ்பவருக்கு நல்ல செவிலியர் கவனிப்பைப் பெறும் வழி

சிஓபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் தம் வீட்டில் ஒருவருக்கு இருக்கிறது என்று அண்மையில் தெரிந்துகொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். என் அம்மா வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன்னால் குனிந்து ஊதாங்குழல் ஊதியவர். விறகுப் புகை, பஞ்சாலைத் தூசி, எப்போதோ வந்து குணமான காசநோய் விட்டுச்சென்ற தழும்பு எனப் பல காரணங்களால் நுரையீரல் இப்படிக் கெட்டுப்போகலாம்.

பிரிட்டன் போன்ற நாடுகளில் இந்த நோய்க்கென்றே பயிற்சி பெற்ற சுவாச நோய்ச் செவிலியர்கள் உண்டு. இன்ஹேலர் பிடிக்கக் கற்றுத்தருவது, ஆக்சிஜன் அளவைச் சரிபார்ப்பது, வீட்டுக்கு வந்து பார்ப்பது என்று பலவற்றையும் அவர்களே தொடர்ந்து கவனித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் அந்த வேலைகள் இங்கேயும் நடக்கின்றன. ஓபி செவிலியர், வார்டு செவிலியர், இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் என்று பலரிடம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாகத் திரட்டுகிற பொறுப்பு நோயாளி மீதும் அவருடன் இருப்பவர் மீதும் விழுகிறது. யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவருக்குக் கவனிப்பு கிடைக்கிறது, தெரியாதவருக்கு மாத்திரைச் சீட்டு மட்டும் கிடைக்கிறது என்பது நான் பல ஆண்டுகளாகக் கண்ட நடைமுறை.

நோயின் பெயரையும் அளவையும் எழுத்தில் வாங்குங்கள்

"வீசிங் இருக்கு" என்ற ஒற்றைச் சொல்லோடு பத்து ஆண்டுகள் ஊசியும் மாத்திரையுமாக ஓடிவிடுகிற குடும்பங்கள் ஏராளம். ஆஸ்துமாவும் சிஓபிடியும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் மருந்து ஒன்றல்ல. ஆகவே ஸ்பைரோமெட்ரி எனப்படும், குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, சுமார் 15 நிமிடம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். அப்போதும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளியேறியது 70 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் நிரந்தர அடைப்பு இருக்கிறது என்று கொள்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவுகளிலும், 1928இல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்டு இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கும் தாம்பரம் சானடோரியத்திலும் இதற்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

சோதனைத் தாளின் நகலை ஒரு கோப்பில் வையுங்கள். அதே கோப்பின் முதல் பக்கத்தில், நோயாளி நலமாக இருக்கும் நாளில், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை எழுதுங்கள். அம்மாவுக்கு அது 91. இந்த எண் எழுதப்படாவிட்டால், புதிதாகப் பார்க்கும் எந்தச் செவிலியருக்கும் 90 என்பது ஆபத்தா வழக்கமா என்று தெரிய வாய்ப்பில்லை.

இன்ஹேலரைச் செவிலியரின் கண்முன் இழுத்துக் காட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மருத்துவர் எழுதித் தருகிறார், மருந்தகத்தில் பெட்டியைக் கொடுக்கிறார்கள், வீட்டில் வந்து நாமாக இழுக்கிறோம். நடுவில் மருந்து நெஞ்சுக்குள் போகிறதா என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. அம்மா நான்கு மாதம் ரோட்டாகேப் (கருவியில் போட்டு இழுக்கும் பொடி மருந்துக் கேப்ஸ்யூல்) இழுத்தும் மாடிப்படி ஏற முடியாமல் இருந்தார். ஒரு நாள் ஓபியில் இருந்த மூத்த செவிலியர், "எங்கே, வீட்ல எப்படிப் பண்றீங்களோ அப்படியே பண்ணிக் காட்டுங்கம்மா" என்றார். அம்மா இழுத்து முடித்ததும் கருவியை வாங்கித் திறந்து, கேப்ஸ்யூலை எடுத்துத் தம் உள்ளங்கையில் தட்டினார். வெள்ளைப் பொடி பாதிக்கு மேல் கையில் கொட்டியது. "மருந்து இங்கயே இருக்கே. கஞ்சி உறிஞ்சற மாதிரி மெதுவா இழுக்கறீங்க. இளநீர்க் குழாய் அடைச்சுக்கிட்டா எப்படி இழுப்பீங்க, அந்த மாதிரி ஒரே மூச்சா வேகமா இழுக்கணும்." அந்த இரண்டு நிமிடம் அதற்கு முந்தைய நான்கு மாத மருந்தைவிட அதிகம் உதவியது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இரண்டு வகைக் கருவிகளுக்கும் இழுக்கும் வேகம் நேர்மாறானது. கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் பொடிக் கருவிக்கு வேகமும் ஆழமும் வேண்டும். இழுக்கும் முன் கருவிக்குள் ஊதிவிட்டால் பொடி பறந்தும் நனைந்தும் வீணாகிவிடும். அழுத்தினால் புஸ்ஸென்று வரும் பஃப் வகைக்கோ நிதானம் வேண்டும்: நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, இழுத்து முடித்தபின் முடிந்தால் பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். இரண்டாவது பஃப்புக்கு அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். வயதானவர்களுக்கு அழுத்துவதும் இழுப்பதும் ஒருசேர வராது என்பதால் ஸ்பேசரோடு, அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவையோடு, பயன்படுத்துவதே நல்லது. ஸ்பேசர் தரப்படவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். அதைச் சோப்பு நீரில் கழுவித் துணியால் துடைக்காமல் தானாக உலரவிட வேண்டும். துடைத்தால் உரசலில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், தொண்டை கட்டும். எந்த இன்ஹேலர் தினமும் போட வேண்டியது, எது திணறும்போது மட்டும் போட வேண்டியது என்பதைச் செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, மேலே ஸ்டிக்கர் ஒட்டித் தமிழில் எழுதிவிடுங்கள். 'இன்ஹேலர் பழகிவிடும், மாத்திரையே மேல்' என்று சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. அவர் சொல்வது தவறு. உள்ளே போகும் மருந்தின் அளவு மாத்திரையைவிட இன்ஹேலரில் மிகக் குறைவு. கையிருப்பைப் பொறுத்து அடுத்த மாதம் வேறு கருவி தரப்படலாம், அப்போது மறுபடியும் முதலிலிருந்து இழுத்துக் காட்டுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். "சிஸ்டர், ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்று பணிவாகக் கேட்டு மறுக்கப்பட்டது எனக்கு அரிதாகவே நடந்திருக்கிறது, அதுவும் கூட்டம் முண்டியடிக்கும் காலை பத்து மணிக்கு. பன்னிரண்டுக்கு மேல் போய்ப் பாருங்கள்.

மோசமாகும் நாளுக்கு முன்கூட்டியே ஒரு தாள்

சிஓபிடி நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் திடீரென்று தீவிரமாகும் கட்டங்கள்தான். அவை உண்மையில் அவ்வளவு திடீரென்று வருவதில்லை; வழக்கத்தைவிட மூச்சு வாங்குவது, சளி அதிகமாவது, வெள்ளைச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது என்று இரண்டு மூன்று நாள் முன்பே அறிகுறி காட்டுகின்றன. நலமாக இருக்கும் நாளில் மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டு, இவற்றில் எது தெரிந்தால் திணறல் இன்ஹேலரை எத்தனை பஃப் கூட்டுவது, எப்போது ஓபிக்கு வருவது, மாத்திரை வீட்டில் வைத்திருக்கலாமா, இருந்தால் எத்தனை நாள் என்று ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சீட்டைக் காட்டித் தாமாகவே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்களை நான் கண்டிருக்கிறேன். சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து, தோல் காகிதம்போல ஆகிவிடும். அளவும் நாளும் எழுதிய தாள் இருந்தால் அந்தத் தவறு நேராது.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாய்வது, ஆளைத் தட்டியெழுப்பினாலும் மயக்கமாகவே இருப்பது, பேச்சு குழறுவது ஆகியவற்றுக்குத் தாளைப் பார்க்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல், முன்னால் மேசையோ தலையணை அடுக்கோ வைத்து அதன்மேல் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து உட்கார வையுங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, கஞ்சியை ஊதி ஆற்றுவதுபோல மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். இந்த மூச்சை நெருக்கடியில் முதன்முறையாகக் கற்றுக்கொள்ள முடியாது, நல்ல நாட்களில் பழகியிருக்க வேண்டும்.

ஆக்சிஜன் அளவறிந்து தர வேண்டிய மருந்து

கொரோனா காலத்துக்குப் பின் ஆக்சிமீட்டரில் 95க்குக் கீழே போனாலே பதறுகிற பழக்கம் நம் வீடுகளில் வந்துவிட்டது. சிஓபிடி முற்றியவர்களில் பலருக்கு உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். இவர்களுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் அந்தத் தேக்கம் மேலும் ஏறி மயக்கத்தில் கொண்டுபோய் விடக்கூடும். அதனால்தான் இவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓர் இரவு அம்மாவைச் சேர்த்த இடத்தில் முகமூடி போட்டு ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். ஆக்சிமீட்டர் 99 காட்டியது. எங்களுக்கெல்லாம் ஒரே நிம்மதி. அம்மா வாரக்கணக்கில் இல்லாத தூக்கம் தூங்குகிறார் என்று அக்கா வெளியே போய் டீகூடக் குடித்துவிட்டு வந்தார். இரவுப் பணிக்கு வந்த இளம் செவிலியர் ஒருவர் அம்மாவின் தோளைத் தட்டிக் கூப்பிட்டார், எழவில்லை. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார், விரல்கள் படபடவென்று உதறின. உடனே மருத்துவரை அழைத்து, ரத்த வாயுச் சோதனை எடுத்து, ஆக்சிஜனைக் குறைத்து, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்குத் துணைசெய்யும் பைபேப் இயந்திரம் வைத்தார்கள். விடியும்போது அம்மா கண் திறந்து காபி கேட்டார். அன்று முதல் எங்கள் கோப்பின் அட்டையில் சிவப்பு மையில் 'இலக்கு 88–92' என்று மருத்துவர் கையெழுத்தோடு இருக்கிறது. உங்கள் நோயாளிக்கும் இந்த இலக்கு பொருந்துமா என்று கேட்டு, பொருந்தினால் எழுதி வாங்கி, 108 வண்டியில் வருபவரிடமும் அவசரப் பிரிவுச் செவிலியரிடமும் முதலில் அதைக் காட்டுங்கள். காலையில் எழும்போது தலைவலி, பகலில் அடக்க முடியாத தூக்கம், குழப்பம் இவை தேக்கத்தின் அடையாளங்கள். தூக்க மாத்திரையையும் தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப்பையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

வீட்டில் ஆக்சிஜன் எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. நோய் நிதானமாக இருக்கும்போதும் ரத்த வாயுச் சோதனையில் ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ. பாதரசத்துக்குள்ளோ, ஆக்சிமீட்டர் அளவு 88க்குள்ளோ இருப்பவர்களுக்குத்தான் நீண்டகால ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டுகிறது. அதுவும் நாளுக்கு 15 மணி நேரமாவது வைத்தால்தான். திணறும்போது பத்து நிமிடம் வைத்து எடுப்பதால் அந்தப் பலன் கிடைக்காது. மருத்துவமனையிலிருந்து ஆக்சிஜனோடு அனுப்பப்பட்டவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி சோதித்து, இன்னும் தேவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் கருவியை வாடகைக்கு எடுத்துப் பணம் கட்டிக்கொண்டே இருப்பவர்களில் சிலருக்கு அது தேவைப்படாமலே போயிருக்கும்.

கருவி வீட்டுக்கு வந்ததும், கொண்டுவந்தவரையோ செவிலியரையோ உட்கார வைத்து, ஆக்சிஜன் ஓட்டத்தின் அளவைக் காட்டும் மிதக்கும் குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று காட்டச் சொல்லி, அந்தக் கோட்டில் ஒரு குறி போடுங்கள். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும்; ஈரப்பதப் புட்டியில் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். மின்தடைக்கு ஒரு சிலிண்டர் மாற்றாக இருக்கட்டும். பூஜை அறை விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கேஸ் அடுப்பு இவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளியிருக்க வேண்டும். மூக்கு காய்ந்தால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாமல், நீர் அடிப்படையிலான களிம்பைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெயும் ஆக்சிஜனும் நெருப்புக்குத் தோதான கூட்டாளிகள்.

ஆக்சிமீட்டரைப் பற்றியும் ஒரு சொல். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண் தவறும். கறுத்த தோலில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், எண் நன்றாக இருந்தும் ஆள் சரியில்லை என்றால் ஆளையே நம்புங்கள்.

வார்டில் சேர்த்தால்

அரசு வார்டில் ஓர் இரவுச் செவிலியர் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறார் என்று எண்ணிப் பார்த்தால், நம் கேள்விகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் கேட்பதே மரியாதை என்று புரியும். பணி மாறும் நேரத்தில், கோப்பின் முதல் பக்கத்தோடு படுக்கையருகே நில்லுங்கள். தலைமாட்டை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பைபேப் முகமூடி அழுத்தி மூக்குத்தண்டில் சிவந்தால் உடனே காட்டுங்கள். அங்கே வருவது ஒரு நாளில் புண்ணாகிவிடும். முகமூடியை எப்போது கழற்றிச் சாப்பாடு கொடுக்கலாம் என்று கேளுங்கள், நீங்களாகக் கழற்றாதீர்கள்.

டிஸ்சார்ஜ் நாள்தான் அதிகம் கோட்டை விடப்படும் நாள். பில், ஆட்டோ, மருந்து வாங்கும் ஓட்டம் என்ற பரபரப்பில், இன்ஹேலரை இழுத்துக் காட்டுவதும், எந்த மருந்து நின்றது, எது புதிது என்று கேட்பதும், மறுபடி வரவேண்டிய தேதியை எழுதி வாங்குவதும் விடுபடும். அந்தத் தேதி ஒரு மாதத்துக்குள் இருக்க வேண்டும். நான் இந்த மூன்றையும் முந்தைய நாள் மாலையிலேயே முடித்துவிடுவேன்.

வீட்டுக்கு நர்ஸ் வைப்பதென்றால்

'ஹோம் நர்ஸ்' என்று முகமைகள் அனுப்புபவர்களில் பலர் செவிலியர் அல்லர். குளிப்பாட்டவும் சோறூட்டவும் பழகிய உதவியாளர்கள். அந்த உதவியும் பெரிய உதவிதான், ஆனால் அதற்கு நர்ஸ் கூலி கொடுக்க வேண்டியதில்லை. செவிலியர் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், அதைக் கேளுங்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ராத்திரி ஆக்சிமீட்டர்ல 86 காட்டுனா என்ன செய்வீங்க?" என்னிடம் ஒருவர், "ஃபுல்லா ஏத்திட்டு உங்களைக் கூப்பிடுவேன் சார்" என்றார். இன்னொருவர், "முதல்ல விரலைத் தேய்ச்சு மறுபடி வைப்பேன், ட்யூப் மடங்கியிருக்கான்னு பாப்பேன், டாக்டர் என்ன அளவு எழுதியிருக்காருன்னு பாப்பேன்" என்றார். இரண்டாமவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

பணம் கொடுத்து வைக்க முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டம், ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீடு தேடித் தருவதாலேயே அறியப்பட்டாலும், இயன்முறை சிகிச்சையும், நோயின் வலியையும் தவிப்பையும் தணிக்கும் நோய் ஆதரவு சேவையும் அதில் அடங்கியிருப்பது பலருக்குத் தெரிவதில்லை. நடமாட முடியாத நிலை வந்துவிட்டால், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் 104க்கு அழைத்து விசாரிக்கலாம்.

உடலை அசைப்பதும் மற்றவையும்

மூச்சு வாங்குகிறது என்று கட்டிலிலேயே இருந்தால் கால் தசை தளர்ந்து, அடுத்த மாதம் அதைவிடக் குறைந்த வேலைக்கே மூச்சு வாங்கும். இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் ஆறு முதல் எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் நடையும் உட்கார்ந்தெழும் பயிற்சியும் செய்வது மருந்துக்கு இணையான பலன் தருகிறது. ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நிமோனியா தடுப்பூசி, வயிறு முட்டாமல் அடிக்கடி சிறிது சிறிதாகச் சாப்பாடு, வீட்டில் எவரும் புகைக்காமல் இருப்பது ஆகியவற்றை நீட்டி எழுதத் தேவையில்லை. விறகடுப்பு இன்னும் இருந்தால், வெந்நீர் போடுவதற்குக்கூட நோயாளியை அதன் பக்கம் விடாதீர்கள்.

நோய் முற்றும்போது

எல்லா மருந்தும் சரியாக எடுத்த பின்னும் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கும் கட்டம் சிலருக்கு வரும். அப்போது நோய் ஆதரவுச் செவிலியரைக் கேட்பது 'கைவிட்டுவிட்டார்கள்' என்று பொருள்படாது. மற்ற சிகிச்சை தொடர்ந்துகொண்டே இருக்கும். திணறலின் தவிப்பைக் குறைக்க மிகச் சிறிய அளவில் மார்ஃபின் தருவதுகூட மருத்துவரின் கண்காணிப்பில் நடைமுறையில் உண்டு. அடுத்த முறை தீவிரமானால் ஐசியூவில் குழாய் போட விரும்புகிறாரா என்று நோயாளியிடமே, அவர் தெளிவாகப் பேசும் நாளில், செவிலியரையோ மருத்துவரையோ உடன் வைத்துக்கொண்டு கேட்டு எழுதி வையுங்கள். இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்ட வீடுகளில், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நடைபாதையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த ஆதரவுச் செவிலியர் எங்களுக்குக் காட்டித்தந்த ஒன்று மிக எளியது. கன்னத்திலும் மூக்கருகிலும் குளிர்ந்த காற்று படும்போது மூளைக்குத் திணறல் குறைந்ததாகத் தோன்றுமாம். கையில் அடங்கும் சிறிய மின்விசிறியை ஒரு சாண் தூரத்தில் பிடிக்கச் சொன்னார். அம்மாவுக்கு அதன் இரைச்சல் பிடிக்கவில்லை. பரணிலிருந்து பனையோலை விசிறியை எடுக்கச் சொன்னார். இப்போது அது கட்டிலின் வலப்பக்க ஆணியில், ஆக்சிஜன் குழாய்க்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.